ரூட் பியர் கடையில் தொடங்கிய மேரியட்

1927-ல் வாஷிங்டனில் வில்லார்ட் மேரியட்டும் மனைவி ஆலிஸும் போட்டது ஒரு ரூட் பியர் கடை. உட்கார ஒன்பது பேருக்குத்தான் இடம். குளிர்காலத்தில் இந்தக் குளிர்பானம் விற்காதே என்று காரசாரமான மெக்சிகோ பலகாரங்களையும் சேர்த்தார்கள். முதல் ஹோட்டல் 1957-ல், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில். காரில் வருகிறவர்களுக்கு அறையைக் காட்ட ஊழியர் சைக்கிளில் முன்னே போவாராம்!

2016-ல் ஸ்டார்வுட் ஹோட்டல் நிறுவனத்தை வாங்கியதும் ஷெரட்டன், வெஸ்டின், செயின்ட் ரீஜிஸ் எல்லாம் வந்து சேர, பிராண்டுகள் 30 ஆயின. ஆனால் கட்டடங்களில் பெரும்பாலானவை மேரியட்டுக்குச் சொந்தமில்லை. முதல் போட்டுக் கட்டுவது வேறொருவர். பெயரும் புக்கிங்கும் கொடுத்துக் கட்டணம் வாங்குவது மேரியட். கெட்டிக்கார வியாபாரம்தான்.

உதாரணமாக, சென்னை கிண்டியில் உள்ள ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலைக் கட்டியது ஐடிசி நிறுவனம். ஆனாலும் மேரியட்டின் லக்சுரி கலெக்‌ஷன் வரிசையில் இருப்பதால், அங்கே தங்கினாலும் மேரியட்டின் வாடிக்கையாளர் திட்டமான பான்வாயில் பாயிண்ட் ஏறும்.