காகிதக்கூழும் கைவேலைக் கூலியும்

புதுச்சேரிக்கு மேற்கே, விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிய ஊர் திருக்கனூர். இங்கே செய்யும் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நான் போன பட்டறையின் வாசலில் எடைக்கு வாங்கிய பழைய தாள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. செய்தித்தாள், எழுதி முடித்த பள்ளி நோட்டு எல்லாம் அதில் இருந்தன. வார இதழ்களின் பளபளப்பான அட்டைகளை மட்டும் பட்டறைக்காரர் ஒதுக்கிப் போட்டார். "இது லேசுல ஊறாது சார், கூழுல திப்பி திப்பியா நிக்கும்."

கிழித்த தாளைத் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, எழுத்தெல்லாம் மறைந்து சாம்பல் நிறக் கூழாகும்வரை இடிக்கிறார்கள். அதைப் பிழிந்து, சாக் பவுடரும் பசையும் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைகிறார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தமும் சேர்கிறது.

பொம்மையின் முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. நடுவயதுப் பெண் ஒருவர், பிள்ளையாரின் காது மடிப்புக்குள் கட்டைவிரலால் கூழை அழுத்திக்கொண்டிருந்தார். கூழ் மெலிந்தால் காயும்போது விரிசல் விடும். தடித்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அளவுகோல் எதுவும் அவரிடம் இல்லை. விரலால் ஒருமுறை தடவுகிறார், இன்னொரு சிட்டிகை வைக்கிறார், அடுத்த மடிப்புக்கு நகர்கிறார்.

காய்ந்த இரண்டு பாதிகளையும் ஒட்டி, மூட்டுத் தெரியாமல் கூழ் பூசி, மறுபடி காயவைக்க வேண்டும். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, வெள்ளைப் பூச்சு, வண்ணம். கண் எழுதுவது கடைசியில்தான். உள்ளே கூடாக இருப்பதால் பொம்மைக்குக் கனமில்லை; கைதவறி விழுந்தாலும் மண்பொம்மை போலச் சிதறாது. சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். ஆனால் வெயில் வேண்டும். "மழை பிடிச்சிட்டா அச்சுல கை வைக்க முடியாது" என்றார் அந்த அம்மா. வேலை நின்றால் அன்றைய கூலியும் நிற்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையை ஊற்றிச் சிறிது நேரத்திலேயே அச்சிலிருந்து எடுத்துவிடலாம். கொலுச் சந்தையில் அதன் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது. "பழைய பேப்பர்தானே, இவ்வளவு விலையா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. தாள் கிலோக் கணக்கில் வந்தது உண்மைதான். அதைக் கலையாக்கியவை ஊறவைத்த நாட்களும், இடித்த தோளும், காது மடிப்பைத் தேடிப்போன கட்டைவிரலும். குப்பையிலிருந்து பிறந்த பொருள் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது, அதைச் செய்தவரின் உழைப்பையும் குப்பையோடு சேர்ப்பதாகும். இந்தத் தொழில் நிலைக்க வேண்டுமானால் புவிசார் குறியீடு மட்டும் போதாது. வாங்குகிற நாம் கைவேலைக்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டும்.