முத்துக்கரையில் ஒரு ஜாவா

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் மக்ரூன் வாங்காமல் திரும்புவதில்லை. நானும் வாங்கினேன், வீடு வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது அங்கே கண்ட ஒரு காட்சி. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் போய் இறங்குங்கள். பனிமய மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் பழைய துறைமுகம் பக்கம் நடந்தால் தோணிகளைப் பார்க்கலாம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் அல்லவா! இன்று பெரிய துறைமுகத்துக்கே அவர் பெயர்தான்.

முத்தை மட்டும் தேடாதீர்கள். 1961-ஓடு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. அந்த நாளில், கல்லின் பாரத்தில் ஆழத்துக்கு இறங்குகிறவனின் கயிறு, மேலே வள்ளத்தில் இருப்பவன் கையில் இருக்கும். அவன் அயர்ந்தால் இவன் கதி அதோகதி! அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் அழைப்பார்கள் என்று ஒரு கதை உண்டு. தங்கையின் தாலியை எந்த அண்ணன் கை நழுவ விடுவான்?

இதை எனக்குச் சொன்னவர் உள்ளூர் நண்பர். சொன்ன இடம் அவர் வீட்டுப் புறவாசல். சாக்கை விரித்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோடு உட்கார்ந்து, ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார் மனிதர்!

ஜாவா பிறந்தது 1929-ல், செக்கோஸ்லோவாகியாவில். ஜானெசெக் என்ற முதலாளி பெயரின் 'ஜா'வும், வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் 'வா'வும் சேர்ந்தது அந்தப் பெயர். 1961 முதல் மைசூரில் தயாராயிற்று. 1973 முதல் 'யெஸ்டி' ஆகி, 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. நண்பரின் தகப்பனார் இந்த வண்டியில்தான் உப்பளத்துக்குப் போய் வந்தாராம். உப்புக் காற்று அதைச் சும்மா விடுமா? துருப்பிடித்து மூலையில் கிடந்ததை, ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, திருகாணிகளைச் சிரட்டை சிரட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

"வால்வு கிடையாது, மாமா. பெட்ரோலோடயே ஆயில் கலந்து ஊத்தணும். உதைக்கிறதும் கியர் போடுறதும் ஒரே லீவர்தான்!" என்று எனக்குப் பாடம் நடத்தினாள் அந்தப் பெண்.

அன்று ஆகஸ்டு 4. மறுநாள் மாதா கோயில் திருவிழா. அதற்குள் மகளைப் பின்னால் ஏற்றி ஊரைச் சுற்ற வேண்டுமென்று நண்பருக்கு ஒரே துடிப்பு. என்ஜின் பூட்டியாயிற்று, கார்புரேட்டரும் புகைக்குழாய்களும் மாட்டியாயிற்று. உதைக்கக் காலைத் தூக்கிவிட்டார்.

"எப்பா, நில்லுங்க! சிரட்டையில ஒரு லாக் கெடக்கு."

சுண்டுவிரல் நகமளவு கம்பி வளையம். பிஸ்டன் பின் நகராமல் இரு பக்கமும் பிடித்துக்கொள்வது அதுதான். ஒன்று இல்லாவிட்டால் பின் மெல்ல வெளியே வந்து சிலிண்டரைக் கீறும். ஓடுகிற வேகத்தில் என்ஜின் இறுகிச் சக்கரமும் நின்றுவிடலாம்.

"பழசா இருக்கும்ட்டி."

"பழசை அன்னைக்கே வீசியாச்சே. பிரிச்சுப் பாத்துருவோம்ப்பா."

மூன்று மணி நேர வேலை! நண்பர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மகள் அசையவில்லை, ஸ்பானரை நீட்டியபடி நின்றாள். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். சிலிண்டரைத் தூக்கினால், பிஸ்டனின் ஒரு பக்கம் வெறும் பள்ளம்!

சற்று நேரம் யாரும் பேசவில்லை. நண்பர் அந்த வளையத்தை எடுத்து மகள் கையிலேயே கொடுத்தார். அவளே பொருத்தினாள்.

ராத்திரி பத்து மணிக்கு வண்டி புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. வாசலில் நின்ற நண்பரின் மனைவி என்னிடம் சொன்னார்:

"கயிறு பிடிக்க மச்சான் எதுக்குண்ணே? அதான் மக இருக்காள்லா!"