கல்லடி பட்ட ஞானி

கொலை செய்தவன் ஞானியாக முடியுமா? கொள்ளையடித்தவன், ஊரை எரித்தவன், பெற்ற வயிறுகள் பற்றி எரியக் காரணமானவன் — இவனும் ஒருநாள் உள்ளத் தெளிவு பெற்று உயர்ந்தோர் வரிசையில் நிற்கலாமா? நிற்கலாம் என்று விடை தருகிறது பவுத்தம். இந்த விடையைக் கேட்டதும் நம் தோழர்களிலே சிலர் முகம் சுளிக்கின்றனர். "கோயில்காரன் பாவமன்னிப்பு விற்றான், விகாரைக்காரனும் அதைத்தானே விற்கிறான்? கடைப்பலகை வேறு, சரக்கு ஒன்று!" என்று படிப்பகத்தில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்.

கூரிய கேள்வி, மழுப்பி நழுவக் கூடாத கேள்வி. புத்தர் என்றவுடன் கைகூப்பிவிட்டுப் போவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. புத்தரே அதை விரும்பியிருக்கமாட்டார். ஆகவே சரக்கைப் பிரித்துப் பார்ப்போம். எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில், நம் நாட்டுப் பழைய கடையிலே என்ன விற்றார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். பாகவதத்தின் ஆறாம் கந்தத்திலே அசாமிளன் வருகிறான். நெறி கெட்டு வாழ்ந்து, பிறர் பொருளைப் பறித்துக் காலம் கழித்தவன். சாகும் தறுவாயில் அச்சம் மேலிட்டு, "நாராயணா" என்று தன் இளைய மகனைக் கூப்பிடுகிறான். அழைத்தது மகனை; ஓடி வந்ததோ திருமாலின் தூதர்கள்! எமதூதர் கையிலிருந்து அவனை மீட்டுவிடுகிறார்கள். திருவிளையாடற் புராணத்திலே மாபாதகம் தீர்த்த படலம் என்று ஒன்று. பெற்ற தாயிடம் முறைகெட நடந்து, பெற்ற தந்தையை வெட்டிக் கொன்ற ஒருவன். பொற்றாமரைக் குளத்தில் நீராடியும் கோயிலை வலம் வந்தும் அவன் பழி கழுவப்படுகிறது. மனுவின் எட்டாம் அத்தியாயமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஏனையோர்க்குத் தலை போகும் குற்றத்துக்குப் பார்ப்பனனுக்கு மயிர் போனால் போதும் என்கிறது!

இந்த மூன்றிலும் பொதுவாக உள்ளது எது? இல்லாத ஒன்றுதான் பொதுவாக உள்ளது. பறிகொடுத்தவன் இல்லை, வெட்டுண்டவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கேடு செய்யப்பட்டவனுக்குக் கதையிலே ஒரு வாய்கூட இல்லை. கணக்கு முழுவதும் குற்றவாளிக்கும் கடவுளுக்கும் இடையே. குத்துப்பட்டவன் அந்தப் பேரேட்டிலே ஏறவே இல்லை.

இனி, சாவத்தி நகருக்கு வாருங்கள். கோசல நாடு, பசேனதி அரசன் காலம். மச்சிம நிகாயத்தின் 86ஆம் சுத்தம் சொல்லும் கதை இது. கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்தவன் ஒருவன். அதனால் அங்குலிமாலன் என்று பெயர். ஊர்கள் வெறிச்சோடின. பத்துப்பேர், இருபதுபேர் கூடிப் போனாலும் அவன் கைக்குத் தப்பவில்லை. அந்த வழியே தனியே நடக்கிறார் புத்தர். இவன் துரத்துகிறான். அவர் மெல்ல நடக்க, இவன் முழு வேகத்தில் ஓடியும் எட்ட முடியவில்லையாம். அது கதைக்காரரின் கைவண்ணம், தள்ளிவிடுங்கள். தள்ளிய பிறகும் எஞ்சுவது ஒன்று உண்டு. நில் என்று இவன் கத்துகிறான். தாம் எப்போதோ நின்றுவிட்டதாகவும், உயிர்க்கொலையிலிருந்து இன்னும் நிற்காதவன் அவனே என்றும் விடை வருகிறது. வாளை எறிகிறான், துறவியாகிறான்.

பிற்கால உரைகாரர் இவனுக்கு ஒரு முன்கதை எழுதினர். இயற்பெயர் அகிம்சகன், தட்சசீலத்திலே கல்வி பயின்ற முதல் மாணவன், உடன் பயின்றோரின் கோளைக் கேட்ட ஆசான், இவனை ஒழிக்க எண்ணி, ஆயிரம் விரல்களைக் குருதட்சிணையாகக் கேட்டான் என்பர். இது வரலாறு என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் ஆசிரியத் தொழில் செய்யும் என்னை அக்கதை உறுத்துகிறது. குற்றத்தின் தடம் பற்றிப் பின்னோக்கி நடந்தால், சில வேளைகளில் அது ஒரு வகுப்பறையின் வாயிற்படியிலே போய் முடியும் என்று அவ்வுரைகாரர் அறிந்திருந்தார்.

துறவியானான், சரி. அதோடு கதை முடிந்ததா? முடிந்திருந்தால், படிப்பகத்து இளைஞர் சொன்னது சரியாகப் போயிருக்கும். அங்கேதான் பவுத்தம் வேறு வழியில் திரும்புகிறது.

பிச்சைக்குப் போன அங்குலிமாலன், மகப்பேற்று வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணைக் கண்டு உளம் கலங்கித் திரும்புகிறான். பிறந்த நாள்முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை என்னும் உண்மையின் வலிமையால் அவளுக்கு நலம் நேரும் என்று சொல்லி வரச் சொல்கிறார் புத்தர். வேறொருவனாயின், குருவே சொல்லிவிட்டார் என்று போயிருப்பான். இவனோ தயங்குகிறான். எத்தனையோ உயிர்களைப் பறித்த தான் அப்படிச் சொன்னால் அது தெரிந்தே உரைக்கும் பொய்யாகாதா என்று கேட்கிறான். அறவாழ்வில் பிறந்த நாள்முதல் என்று சொற்கள் மாற்றப்பட்ட பிறகுதான் போகிறான். உண்மை மொழியால் நோவு தீர்ந்தது என்ற பகுதியை நாம் நம்ப வேண்டியதில்லை. கொலைகாரன் தன் கொலைகளை மறைக்க மறுத்தான் என்ற பகுதியை நாம் மறக்கவும் கூடாது.

பிறகு அவன் அருகன் ஆகிறான். பவுத்தர் சொல்லும் உச்ச நிலை அது. அடுத்த காட்சி என்ன? பூமாரி பொழிந்ததா? இல்லை, கல்மாரி! சாவத்தித் தெருவிலே திருவோடு ஏந்தி நடக்கிறான். ஒருவர் எறிந்த மண்கட்டி வந்து விழுகிறது; மற்றொருவர் எறிந்த தடி விழுகிறது; இன்னொருவர் வீசிய ஓட்டுச்சில் பாய்கிறது. மண்டை உடைந்து, குருதி வழிய, ஓடு நொறுங்கி, ஆடை கிழிந்து புத்தர் முன் வந்து நிற்கிறான். அவர் என்ன செய்தார்? எறிந்தவர்களைச் சபித்தாரா? ஞானியைத் தீண்டியவர் நரகுக்குப் போவர் என்று மிரட்டினாரா? இல்லை. தாங்கிக்கொள் என்றார். அவன் செய்த வினையின் பயன் அது என்றார்.

தோழர்களே! இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். ஞானம் பெற்றுவிட்டான், ஆனாலும் கல்லடி நிற்கவில்லை. உள்ளம் தூய்மையாகிவிட்டது என்பதாலே, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கண்ணீர் உலர்ந்துவிடாது. புராணம் விரட்டிவிட்ட அந்தப் பாதிக்கப்பட்டவன், இங்கே தெருவிலே நிற்கிறான். கையிலே கல்லோடு நிற்கிறான். அவனைக் கதை அடக்கவில்லை. விநயத்தின் மகாவக்கம் இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறது. அங்குலிமாலனைக் கண்ட மக்கள் அஞ்சி ஓடினர். இப்படிப்பட்டவனைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று குறை கூறினர். குறை செவிமடுக்கப்பட்டது. பேர்போன கொள்ளையரை இனித் துறவில் சேர்க்கக் கூடாது என விதி வந்தது. திருந்தியவனைத் துரத்தவும் இல்லை. ஊராரின் அச்சத்தை உதறவும் இல்லை.

ஆம், இங்கும் எல்லைகள் வகுத்தார்கள். தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அசாதசத்துரு, புத்தரின் உரை கேட்டுத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டது நன்றே என்ற புத்தர், தந்தையைக் கொல்லாதிருந்தால் அவன் அவ்விடத்திலேயே அறக்கண் பெற்றிருப்பான் என்று, அவன் சென்ற பின் துறவிகளிடம் கூறினார். தாய்க்கொலை, தந்தைக்கொலை, அருகர்கொலை, புத்தர்மேல் குருதி வரச் செய்தல், சங்கத்தைப் பிளத்தல் என்னும் ஐந்துக்கும் அடுத்த பிறவி நரகமே என்று நூல்கள் எழுதின. ஆயினும் அந்த நரகுக்கும் ஒரு முடிவு உண்டு என்றன. புத்தரையே கொல்ல முயன்ற தேவதத்தனும் நெடுங்காலம் கழித்து ஞானம் பெறுவான் என்று மிலிந்தன் வினாக்களும் கூறும்; மகாயானத்தின் தாமரைச் சூத்திரமும் கூறும். 5ஆம் நூற்றாண்டுச் சீனத்திலே, நன்மையின் வேரே அற்றவர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கும் வழி உண்டு என வாதிட்ட தாவோசெங் என்னும் துறவியைச் சக துறவிகள் வெளியேற்றினர். பின்னர் முழுமையான மொழிபெயர்ப்பு வந்தபோது, நூலே அவர் பக்கம் நின்றது.

மறுபிறவியும் நரகமும் நமக்கு உடன்பாடல்ல. அவற்றை உமியெனப் புடைத்துத் தள்ளினால் தங்கும் அரிசி இதுதான்: கெடுதி என்பது செயல், பிறவியன்று. செயல் மாறக்கூடியது. மாற்றுபவன் அவனே, தரகன் இல்லை. ஆனால், மாறிவிட்டேன் என்ற ஒரே சொல்லாலே பழைய கடன் தீர்ந்துவிடாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, நாம் கொண்டாடும் அசோகனையும் அளக்கலாம். கலிங்கப் போரிலே 1,00,000 பேர் மாண்டனர், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டிலே அவனே பொறித்தான்; வருந்தினான். வென்ற மன்னன் வெட்கப்பட்டுக் கல்லில் எழுதியது உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் சௌகடாவிலும் அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை! அங்கே வேறு கட்டளைகளே உள்ளன. எவரை வெட்டினானோ, அவர்தம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அந்த வருத்தம் பொறிக்கப்படவில்லை. பேரரசன் தொலைவில் நின்று வருந்தினான். கொள்ளைக்காரனோ, தான் குருதி சிந்த வைத்த ஊராரின் தெருவிலேயே ஓடேந்தி நடந்தான். இருவரில் எவன் திருந்தியவன் என்று கேட்டால், என் கை சாவத்தித் தெருவைத்தான் காட்டும்.

ஏட்டுச் சுரைக்காயா இது? இல்லை. நான் பணிபுரியும் பள்ளியிலே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் பயில்பவன் சுற்றுலாவுக்கென வைத்திருந்த 300 ரூபாயை எடுத்துவிட்டான். ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி, "ஏன் எடுத்தான்?" என்பதன்று, "எந்தத் தெருப் பையன்?" என்பதே! கேட்டவர் பட்டம் பெற்றவர். 1871இல் வெள்ளையன் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையும் திருடன் என்றது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டது. விரல்களை மாலையாக்கியவனைக் கொடியவன் என்கிறோம்; பிறந்த குலத்துக்காக விரல் ரேகை பறித்தவர்களை என்னவென்பது? சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் செத்தது. "எந்தத் தெரு?" என்ற கேள்வி சாகவில்லை.

பையனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடலாம் என்றனர் சிலர். அறிவுரை கூறி விட்டுவிடலாம் என்றனர் சிலர். பணத்தை இழந்த பையனை எவரும் கேட்கவில்லை. நான் அவனைக் கேட்டேன். "பணம் வேணும் சார். நானே செலவழிச்சிட்டுப் பொய் சொல்றேன்னு அம்மா அடிச்சாங்க. நான் பொய் சொல்லலைன்னு அவன் எங்க வீட்டுக்கு வந்து சொல்லணும்" என்றான். சித்தாள் வேலை செய்யும் தாய் அவர். எடுத்தவன் போனான், நானும் உடன் போனேன். வாசலிலே நின்று, தான்தான் எடுத்தேன் என்றான். அந்த அம்மையார் தம் வாய் ஓயும் வரை ஏசினார். நான் தடுக்கவில்லை, அவனும் தலை நிமிரவில்லை. அவன் தந்தை மூன்று தவணையில் பணத்தைக் கட்டினார். பையன் ஞானியாகிவிடவில்லை, இன்றும் வீட்டுப்பாடம் எழுதாமல்தான் வருகிறான். ஆனால் வகுப்பிலே அவனைத் திருடன் என்று கூப்பிடும் வாய்களுள், பணத்தைப் பறிகொடுத்தவனின் வாய் இல்லை.

இந்த அறம் நமக்குக் கடல் கடந்து வந்த புதுச்சரக்கும் அன்று. நம் மணிமேகலை, சோழ மன்னனிடம் வரம் கேட்கும்போது பொன் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை இடித்து அறக்கோட்டமாக்கச் சொன்னாள். அப்படிக் கேட்டவளே பின்னர்ச் சிறைப்பட்டாள். அரசியோ மருந்தூட்டினாள், மானத்தைக் குலைக்க ஆளேவினாள், பட்டினி போட்டாள். இறுதியில் அஞ்சிப் பணிந்த அந்த அரசிக்கு அறம் உரைத்தது எந்தக் கடவுளும் அன்று, எந்தப் புரோகிதனும் அன்று. துன்புற்ற மணிமேகலையே உரைத்தாள். மன்னிக்கும் உரிமை யாருக்கு என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பவுத்தம் தழுவிய அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலிலே, வீழ்ந்தவர்க்கும் குற்றவாளிகளுக்கும் எனத் தனிப் பகுதியே ஒதுக்கி, அங்குலிமாலனுக்கும் அதில் இடம் தந்தார். சட்டம் படித்தவர், தண்டனையின் தேவையை அறியாதவரல்லர். கெட்டவன் மாற முடியாதென்றால் சாதிவெறியனும் மாற முடியாது. ஆதிக்கக்காரனும் மாற முடியாது. அப்புறம் நாம் மேடையேறிப் பேசுவது எதற்கு? ஏடு நடத்துவது எதற்கு?

ஆகவே, கதவைத் திறந்தே வைப்போம். ஆனால் அந்தக் கதவு கோயில் குளத்தின் படித்துறைக்குப் போகும் பின்வாசலாக இருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் நிற்கும் தெருவுக்குப் போகும் தலைவாசலாக இருக்கட்டும். திருந்துகிறேன் என்று வருபவனிடம் குலம் கேட்காதீர், கோத்திரம் கேட்காதீர், காணிக்கை கேட்காதீர். யாருக்குக் கேடு செய்தாய், அவர் முன் போய் நின்றாயா என்று மட்டும் கேளுங்கள்!