புரதப் படிகம் வளர்க்க வருகிறவர்களுக்கு

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் லைசோசைமைத்தான் கொடுப்பேன். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் கிடைப்பது. 129 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள் இழுத்துக் கட்டியிருப்பதால் பழகாத கையையும் ஓரளவு தாங்கும்.

அதற்காக அலட்சியம் கூடாது. தூளை பஃபரில் கரைக்கும்போது குழாயைக் குலுக்காதீர்கள். விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினால் போதும். நுரை எழுந்தால், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதத்தின் மடிப்பு அவிழும். நீருக்கு ஒதுங்கி உள்ளே அடங்கியிருந்த பக்கக் கிளைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டும், கரைசல் மங்கும். சங்கிலியில் ஓர் அமினோ அமிலம்கூடக் குறைந்திருக்காது. ஆனால் அந்தப் புரதம் இனி எதற்கும் உதவாது. லைசோசைமின் ஒரு பக்கத்தில் நீண்ட பிளவு உண்டு. பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி அதில் வந்து பொருந்தும். 35-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலமும் 52-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலமும் சேர்ந்து அதை வெட்டும். வரிசையில் தள்ளித் தள்ளி இருக்கும் இந்த இரண்டையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துவது மடிப்புதான். 1965-இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் இந்தப் பிளவைக் கண்டதும் இதே புரதத்தின் படிகத்தில்தான். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இந்த வெட்டு ஓயாமல் நடக்கிறது.

என்னைப் பழக்கிய அண்ணன் துளி வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தட்டின் குழி விளிம்பில் கிரீஸ் வளையத்தை ஒரே இழுப்பில் போடுவார். குழிக்குள் 500 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல். கவர் ஸ்லிப்பில் புரதம் 2 மைக்ரோலிட்டர், அதன்மேல் குழிக் கரைசல் 2 மைக்ரோலிட்டர். பைப்பட்டைக் கடைசிவரை அழுத்தவே மாட்டார். அழுத்தினால் குமிழி விழும். ஸ்லிப்பைக் கவிழ்த்து கிரீஸில் பதித்து லேசாகத் திருப்புவார். "காத்து போற வழி இருக்கக் கூடாது தம்பி, துளி காஞ்சா எல்லாம் போச்சு" என்பார். துளியைவிடக் குழியில் உப்பு அதிகம். அதனால் துளியின் நீர் ஆவியாகிக் குழிக்குப் போகும். அது மெதுவாகப் போக வேண்டும். அவசரப்படுத்தினால் வண்டல்தான் மிஞ்சும்.

ஒரு மாணவியின் துளிகளில் பொடிப்பொடியாக ஏராளம் படிகங்கள் வந்தன. எதுவும் எக்ஸ்-கதிரில் வைக்கும் அளவில் இல்லை. உப்பைச் சற்றுக் குறைத்து, தட்டை 20 டிகிரியில் அதிர்வில்லாத மூலையில் வைத்து, எடுத்துப் பார்க்காமல் இருக்கச் சொன்னேன். அடுத்த முறை சில படிகங்களே வந்தன, ஒவ்வொன்றும் விளிம்பு கூர்மையாக.

உப்பும் படிகமாகும் என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய ஊசியால் தொடுங்கள். உப்பு என்றால் கெட்டியாக எதிர்க்கும், புரதம் என்றால் மெத்தென்று நொறுங்கும். புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அதனாலேயே திரவ நைட்ரஜனில் முக்குமுன் கிளிசராலில் நனைத்தெடுக்கிறோம். இல்லையென்றால் உள்ளே பனிக்கட்டி உருவாகிப் படிகம் கெடும்.

எக்ஸ்-கதிரில் வைத்துக் கிடைக்கும் எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் புரதத்தின் மாதிரியைக் கட்டி முடித்தபின், அதன் சங்கிலிக் கோணங்களை, 1963-இல் சென்னையில் ஜி.என்.ராமச்சந்திரன் குழுவினர் வரைந்த கோணப்படத்தில் போட்டுப் பாருங்கள். எல்லைக்கு வெளியே நிற்கும் புள்ளி கிளைசின் என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். பக்கக் கிளை இல்லாததால் அது அதிகம் வளையும். வேறு அமினோ அமிலம் என்றால் எலக்ட்ரான் அடர்த்திப் படத்துக்குத் திரும்பிப் போய், அந்த இடத்தை மறுபடி கட்டிப் பாருங்கள்.