அம்மாவுக்கு வாங்கிய பந்து

என் அம்மா வீட்டிலிருந்தபடியே கணினியில் கணக்கு வேலை பார்ப்பவர். தம்பியும் நானும் பள்ளிக்குப் புறப்பட்டதும் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். நாங்கள் திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இடுப்பு வலி தொடங்கியது. இரவு ஜெபம் முடிந்ததும் தைலம் தேய்த்துவிடுவது என் வேலையாயிற்று.

நாற்காலிக்குப் பதிலாக உடற்பயிற்சிப் பந்தின்மேல் அமர்ந்து வேலை செய்தால் முதுகு நிமிரும் என்று யாரோ சொல்லக் கேட்டேன். போதாதா எனக்கு! அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அதுதான் என்று முடிவு செய்து, உண்டியலை உடைத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். 45, 55, 65, 75 என்று எண் போட்ட பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்த எண்கள் எதற்கு என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. "பெரிசாவே வாங்கிக்கோ பாப்பா, கொஞ்சம் காசுதான் கூட" என்றார் கடைக்காரர். மாதாவின் அங்கியைப் போன்ற நீல நிறத்தில் ஒரு 65ஐ வாங்கி வந்தேன்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த கையோடு அம்மாவை அதில் உட்கார வைத்தோம். அவருடைய கால்விரல்கள் மட்டுமே தரையைத் தொட்டன. "ரொம்ப நல்லாருக்குடா கண்ணு" என்றார். நானும் நம்பினேன்.

பிப்ரவரியில் ஒருநாள் பள்ளி மதியமே விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பந்து மூலையில் கிடக்கிறது. அம்மா பழைய மர நாற்காலியில், இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து பந்தை இழுக்கப் போனார். நாங்கள் வரும் நேரம் பார்த்துத் தினமும் பந்துக்கு மாறியிருக்கிறார்! வலியோ முன்பைவிடக் கூடியிருந்தது. "நீ ஆசையா வாங்கினது. எப்படிச் சொல்றது?" என்றார். அன்று நான் அழுததை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அந்தச் சனிக்கிழமையே அம்மாவை இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த அக்கா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பெட்டியிலுள்ள எண் பந்தின் குறுக்களவைச் சென்டிமீட்டரில் குறிக்கிறது. ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள அம்மாவுக்கு 55தான் ஏற்றது என்றார். அதுவும் ஒரு தொடக்கக் கணக்குதானாம். உட்கார்ந்து பார்க்கும்போது பாதங்கள் இரண்டும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று உயரமாகவோ இருக்க வேண்டும். பெரிய பந்தில் காற்றைக் குறைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டேன். பந்து தளர்ந்து ஆள் அமிழ்ந்துவிடுவார் என்றார். ஊசி குத்தினாலும் பட்டென்று வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும் வகையாகப் பார்த்து வாங்கச் சொன்னார். காற்றையும் ஒரேயடியாக நிரப்பாமல், முக்கால் பங்கு நிரப்பி ஒருநாள் விட்டுவைத்துப் பிறகு மீதியை நிரப்ப வேண்டுமாம்.

இந்தப் பந்தை 1963இல் இத்தாலியில் அக்குலினோ கோசானி என்பவர் உருவாக்கினார் என்பதையும், சுவிட்சர்லாந்தில் சிகிச்சைக்குப் பயன்பட்டதால் சுவிஸ் பந்து என்ற பெயரும் வந்தது என்பதையும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் உரிய பொருளை நான் நாள் முழுவதும் உட்காரும் நாற்காலியாக்கிவிட்டேன்! சாய்ந்துகொள்ள முதுகில்லை, கையூன்ற இடமில்லை. பந்தில் உட்காருவதால் மட்டும் முதுகுத் தசைகள் பெரிதாக வலுப்பெறுவதில்லை என்றே ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. அந்த அக்காவும் ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், மற்ற நேரத்துக்கு நல்ல நாற்காலியும் அடிக்கடி எழுந்து நடப்பதும் வேண்டும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது வீட்டில் சிவப்பு நிற 55 ஒன்று இருக்கிறது. வாங்கியதும் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே தட்டையாக ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிடித்து, தரையிலிருந்து அளந்து பார்த்த பிறகே அம்மாவை உட்காரவிட்டேன். நீலப் பந்து உயரமான அப்பாவுக்குப் பொருந்திவிட்டது. செய்தி கேட்கும்போது அதில் ஆடிக்கொண்டிருப்பார்.

மாலையில் அம்மா சிவப்புப் பந்தில் அமரும்போது, "நல்லா இருக்காம்மா?" என்று நான் கேட்பதில்லை. குனிந்து அவருடைய குதிகால்களைப் பார்த்துக்கொள்கிறேன்.