எத்தின வருசம் உழைக்கும்?

2024 ஆம் வருடம் யூன் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்கு வெளியே வெயிலுக்குள் நின்று நாங்கள் மூன்று பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கையில் நாலு கடைகளின் கொட்டேசன். சண்டை 32,500 ரூபாவுக்கு.

உள்ளே இரண்டு லப்டொப்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று 139,000, மற்றது 171,500. எங்களில் வாங்க வந்தவளின் கையில் 178,000 இருந்தது. அது அவளுடைய அம்மா தைத்துக் கட்டின சீட்டு. இருபது பேர், மாதம் பத்தாயிரம், இரண்டு லட்சம் சீட்டு. ஆறாம் மாதமே எடுக்க வேண்டி வந்ததால் 22,000 கழிவு போய்விட்டது. சீட்டுக் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விளங்கும்: காசு கைக்கு வரமுதலே அந்த லப்டொப் 22,000 ரூபா விலை கூடிவிட்டது. மிச்சம் பதினாலு மாதமும் அம்மா பத்தாயிரம் கட்டியே ஆகவேண்டும்.

அதனால் அவளுக்கு மலிவானதுதான் வேணும். "39,000 மிஞ்சும், அதை அம்மாட்டக் குடுத்தா நாலு மாசச் சீட்டுக்கு ஆகும்" என்பது அவளுடைய கணக்கு. எங்களால் உடனே மறுத்துப் பேச முடியவில்லை. மறுக்கிற உரிமை எங்களுக்கு இருந்ததும் எங்களுடைய பழைய பிழைகளால்தான்.

நாங்கள் திருநெல்வேலியில் ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவர்கள். முதலாவது லப்டொப் எங்கள் அறைக்கு வந்தது 2022 இல். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய வருடம். புதுசு வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே பாவித்தது ஒன்று, இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, ஹார்ட் டிஸ்க் 1 டிபி. "ஒரு டிபி" என்று கடைக்காரர் சொன்னதில் நாங்கள் மயங்கிப்போனோம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்விச்சைத் தட்டினால் அது எழும்புவதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். ஒரு வருடம் இப்படியே இழுத்தோம். பிறகு ஒரு சீனியர் அண்ணா பார்த்துவிட்டு, "இதுக்கு எஸ்எஸ்டி போடுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டதும் அரை நிமிடத்துக்குள் திறந்தது. அதே மெசின்தான்! ஆனால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய அநேகமான இன்டெல் பிரசசர்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது, விண்டோஸ் 10 க்கான ஆதரவுக்கும் 2025 ஒக்டோபர் 14 தான் கடைசி நாள். அதனால் இப்போது அதில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். லிப்ரே ஆபிஸ், யுனிக்கோட் தமிழ் எல்லாம் ஓடுகிறது. பாமினியில் அடித்த விரிவுரைக் குறிப்புகள் வரும்போது மட்டும் எழுத்துருவைத் தேடிப் போடவேண்டும். (2025 இலும் பாமினியில் குறிப்புத் தருகிறவர்களைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதலாம்.)

இரண்டாவது 2023 இல் வந்தது. புத்தம் புதுசு, மெல்லிசு, வெள்ளி நிறம். ரேம் 4 ஜிபி. "பிறகு கூட்டலாம்தானே" என்று நாங்களே எங்களைத் தேற்றிக்கொண்டோம். கூட்ட முடியாது. ரேம், போர்டிலேயே ஒட்டி வந்தது. ஸ்லொட் என்று ஒன்றே இல்லை. சூம் வகுப்பு ஒன்று, பிரவுசரில் நாலு பக்கம், வேர்டில் ஒரு கட்டுரை, இவ்வளவுதான் திறந்திருக்கும், அது மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். ஸ்கிரீன் 1366 க்கு 768. நூலகம் தளத்திலிருந்து இறக்கின பழைய சஞ்சிகை ஒன்றை முழுப் பக்கமாக வைத்தால் எழுத்துத் தெரியாது, எழுத்துத் தெரியப் பெருப்பித்தால் பக்கம் தெரியாது. நாள் முழுக்க ஸ்கான் பிரதிகளை வாசிக்கிற கலைப்பீடப் பிள்ளைக்கு இது சின்னக் குறை இல்லை. பழசான முதலாவதை ஒரு எஸ்எஸ்டியால் காப்பாற்றினோம். புதுசான இரண்டாவதுக்கு எங்களால் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் லப்டொப் பார்க்கும்போது நாங்கள் கேட்கிற முதல் கேள்வி மாறியது. எவ்வளவு இருக்கு என்பது இல்லை, எதைப் பிறகு மாத்தலாம், எதை மாத்தவே ஏலாது என்பது. எஸ்எஸ்டியை அநேகமான மெசின்களில் பிறகு மாற்றலாம். ஸ்லொட் இருந்தால் ரேமைக் கூட்டலாம். பற்றரியும் காசு இருந்தால் மாற்றலாம். பிரசசரை மாற்ற முடியாது, ஒட்டின ரேமை மாற்ற முடியாது, ஸ்கிரீனை மாற்றப்போனால் அரை லப்டொப் விலை கேட்பார்கள். கையில் இருக்கிற காசை முதலில் மாற்ற முடியாத சாமானுக்குப் போடவேணும். கடைகளில் நடப்பது இதுக்கு நேர்மாறு. ரேம், ஸ்டோரேஜ் எண்களைத்தான் பெரிய ஸ்டிக்கரில் ஒட்டி வைப்பார்கள்.

அன்றைக்குக் கடைக்குள் இருந்த இரண்டுக்கும் இதை வைத்துப் பார்த்தோம். மலிவானது ரைசன் 5, விலை கூடினது இன்டெல் ஐ5. "அதுவும் அஞ்சு, இதுவும் அஞ்சு. ரெண்டும் 8 ஜிபி. பிறகென்ன தங்கச்சி?" என்றார் கடையில் நின்ற அண்ணா. அவரில் பிழை சொல்லேலாது, பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அந்த ரைசனின் முழு எண் 7520யூ. இந்த 7000 வரிசைக்கு ஏஎம்டி கம்பனியே ஒரு விளக்க அட்டவணை வெளியிட்டிருக்கிறது. முதல் இலக்கம் விற்பனைக்கு வந்த ஆண்டு. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கிற வடிவமைப்பு. 7520 இல் மூன்றாவது 2, அதாவது சென் 2, 2019 இல் வந்த வடிவமைப்பு. 7530 என்று இருந்தால் அது சென் 3. ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஒளித்து ஒன்றும் வைக்கவில்லை, நாங்கள்தான் "ரைசன் 5" க்குப் பிறகு வருகிறதை வாசிக்காமல் விடுகிறோம். அதோடு 7520 க்கு வருகிற ரேம் ஒட்டினது. மற்றதில் இருந்தது ஐ5-1235யூ, பத்து கோர், ஒரு ரேம் ஸ்லொட் வெறுமையாக.

ஸ்லொட் வெறுமையாக இருப்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் நம்பவில்லை. காட்சிக்கு வைத்த மெசினில் டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரிப் பகுதிக்குப் போனால், எத்தனை ஸ்லொட்டில் எத்தனை பாவனையில் என்று அதுவே சொல்லும். ஒட்டின ரேம் என்றால் அநேகமாக ஸ்லொட் வகைக்குப் பதிலாக 'சிப்களின் வரிசை' என்று ஆங்கிலத்தில் காட்டும். வீட்டில் இருந்தபடியே பார்ப்பதென்றால் லெனோவோவின் பிஎஸ்ஆர்இஎஃப் தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் விபரம் இருக்கிறது. மற்றக் கம்பனிகளின் திருத்தக் கையேடுகளையும் மாதிரியின் பெயரைப் போட்டுத் தேடி எடுக்கலாம். ஸ்கிரீனுக்கு இன்னும் லேசு: மூடியைப் பின்னால் நல்லாய்ச் சரித்துப் பாருங்கோ. நிறம் தலைகீழாக மாறி முகங்கள் கறுத்துப்போனால் அது பழைய டிஎன் வகை. மலிவானதில் முகங்கள் கறுத்தன. மற்றது 1920 க்கு 1080, ஐபிஎஸ், சரித்தாலும் அப்படியே நின்றது.

கிரபிக்ஸ் கார்ட் வேணுமா என்று கேட்டார்கள். எங்களுக்கு வேண்டாம். குறும்படம் எடிட் பண்ணுகிறவர்கள் வேறு கணக்குப் பார்க்கட்டும்.

கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரித்தபோது அதே மாதிரி சில ஆயிரம் குறைவாக இருந்தது. போகவில்லை. பஸ் காசு ஒரு பக்கம், ஏதும் பழுதென்றால் திருப்பித் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது மறுபக்கம். வரண்டி கம்பனி முகவருடையதா, கடை தன்பாட்டில் தருவதா என்று மட்டும் இங்கே கேட்டு பில்லில் சீரியல் எண்ணோடு எழுதி வாங்கினோம். வட்டியில்லாத் தவணையும் ஒரு கடையில் சொன்னார்கள். அதன் மொத்த விலையைக் காசு விலையோடு வைத்துப் பார்த்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் விளங்கித்தான் அவள் வெளியில் வந்து நின்றாள். "எல்லாம் சரி. ஆனா 39,000 ஐ நான் அம்மாட்டக் குடுக்காம விடுறதோ?"

கடைசியில் அம்மாவுக்கே போன் எடுத்தோம். ஸ்பீக்கரில் போட்டு ரேம், ஸ்லொட், ஸ்கிரீன் எல்லாவற்றையும் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். பின்னால் தையல் மெசின் சத்தம் நின்றது. "பிள்ளையள், எனக்கு உது ஒண்டும் விளங்கேல்ல. மலிஞ்சது எத்தின வருசம் உழைக்கும்? மற்றது எத்தின வருசம் உழைக்கும்?"

வீதியோரத்தில் நின்றே கணக்குப் போட்டோம். எங்கள் இரண்டாவது லப்டொப்பின் கதையை வைத்து மலிவானதுக்கு மூன்று வருடம் கொடுத்தோம்: வருடத்துக்கு 46,000 சொச்சம். மற்றதுக்குப் பிறகு வாங்கப்போகிற ரேமையும் சேர்த்து 179,000. ஆறு வருடம் என்றால் 30,000 க்குள். ஆறு என்பது எங்கள் ஆசை, ஐந்து என்று வைத்தாலும் 35,800. அந்த நேரம் கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பால் வளாகம் மூடிக்கிடந்தது. நாலு வருடப் படிப்பு எப்போது முடியுமென்று ஒருத்தருக்கும் தெரியாது. படிப்பு முடியமுதல் செத்துப்போகிற மெசினை வாங்கினால் இன்னொரு சீட்டுப் பிடிக்கவேண்டும், அதுக்கும் கழிவு போகும்.

"அப்ப யோசிக்காம அதை எடுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டா.

மிச்சம் 6,500 ஐ அவள் அன்றைக்கே அனுப்பினாள். ரேமை உடனே வாங்கவில்லை. 7,500 ரூபா, அப்போது ஒன்றரை மாத மகாபொல. வளாகம் திறந்து மகாபொல வந்தபிறகு இன்னொரு 8 ஜிபி வாங்கி, யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து நாங்களே அறையில் கழற்றிப் போட்டோம். ஒரு சிறிய திருகாணி கட்டிலுக்குக் கீழே போய் அரை மணித்தியாலம் தேடினோம்.

சீட்டின் கடைசித் தவணையை அம்மா போன மாதம் கட்டினா. லப்டொப்புக்கு ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. அவளுடைய ஆய்வுக்கட்டுரை இரண்டாவது அத்தியாயத்தில் நிற்கிறது, அதற்கு மெசினைக் குறை சொல்ல முடியவில்லை.