வெங்கச்சங்கல்

தங்கம் என்ற சொல்லைக் கவிதையில் இரண்டு தடவை உபயோகித்திருக்கிறேன். இரண்டும் மாலை வெயிலுக்கு. கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் பாறை துளைத்த என் தாத்தா அந்தச் சொல்லை உச்சரித்து நான் கேட்டதில்லை. ‘கல்லு’ என்றுதான் சொல்வார்.

அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது. அங்கே தங்கம் வெங்கச்சங்கல்லோடு, குவார்ட்ஸோடு, சேர்ந்தே வந்தது. சுமார் 270 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிக் கரும்பாறையாயிற்று. பிறகு பூமியின் அழுத்தத்தில் அது மடிந்து வெந்தபோது, ஆழத்திலிருந்து கொதிநீர் கசிந்து மேலேறியது. தங்கம் வெறும் நீரில் கரையாது. கந்தகம் கூட இருந்தால் அந்தச் சூட்டில் கரையும். பாறை பிளந்ததும் நீர் அதற்குள் பாயும். அழுத்தம் சட்டென்று குறையும். கந்தகத்தைப் பாறையின் இரும்பு பிடித்துக்கொள்ளும். துணை போன தங்கம் படியும். கரைந்திருந்த சிலிகா வெள்ளைக் கல்லாக இறுகிப் பிளவை அடைக்கும். மறுபடி பிளக்கும், மறுபடி அடைபடும். ‘ரீஃப்’ என்று அங்கே சொல்வது இதைத்தான்.

சேர்ந்து வந்த இரண்டையும் பிரிப்பதுதான் சுரங்கத்தின் வேலை. 1880 முதல் 2001 பிப்ரவரியில் மூடும்வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிற்று. அதற்காக 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம்தான். அரைத்துக் கொட்டிய மிச்சம் மணல்மேடாக இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது.

எல்லாம் மேட்டுக்குப் போய்விடவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தாத்தாவின் நெஞ்சில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சிலிகாத் தூள் என்றார். தாத்தா படத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். 250 கோடி வருஷம் ஒன்றாகக் கிடந்தவற்றில் ஒன்று எங்கெங்கோ கழுத்துகளுக்குப் போயிற்று. மற்றது அவரிடம் தங்கிவிட்டது.

அவர் போனபின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெங்கச்சங்கல் இருந்தது. எதற்கு வைத்திருந்தார் என்று பாட்டிக்கும் தெரியவில்லை. லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தங்கம் இல்லை. வெறும் கல்.

என் கவிதையில் அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டேன். அந்த வெயிலுக்கு வேறு சொல் இன்னும் வரவில்லை.